ஓரிகன்–வாஷிங்டன், நியூ ஜெர்சி–பென்சில்வேனியா: எல்லை தாண்டி ஓய்வு பெறுபவர்கள் மாட்டும் இடங்கள்

வடகரை:
போர்ட்லண்டில் வேலை பார்த்துக்கொண்டே ஆற்றுக்கு வடக்கே வாஷிங்டன் மாநிலத்தின் வான்கூவரில் வீடு வாங்கினால் ஓரிகன் வரி ஒழிந்தது என்று நினைக்கிறார்கள். சம்பளம் வாங்கும்வரை ஒழியாது. ஓரிகனில் உட்கார்ந்து பார்த்த வேலைக்கு ஓரிகன் வரிதான், உச்ச விகிதம் 9.9%. ஓய்வுக்குப் பிறகுதான் கணக்கு மாறும். 1996 ஜனவரியில் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, வெளிமாநிலத்தில் குடியிருப்பவரின் ஓய்வூதியம், வேலையிடம் வழியாகச் சேமிக்கும் 401(கே), 403(பி), 457 கணக்குகள், தனியாகச் சேமிக்கும் ஐஆர்ஏ ஓய்வுக்கணக்கு ஆகியவற்றில் பழைய மாநிலம் கைவைக்க முடியாது. அத்தனையும் ஓரிகனில் சம்பாதித்ததாக இருந்தாலும் சரி.

கம்பெனி இன்று வழங்கி, சில காலம் வேலை பார்த்த பிறகே கைக்கு வரும் ஆர்எஸ்யு பங்குகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வழங்கிய நாளிலிருந்து கைக்கு வரும் நாள்வரை 800 வேலை நாள், அதில் 600 ஓரிகனில் என்றால், அந்தத் தொகையில் 75 சதவீதத்துக்கு ஓரிகன் வரி உண்டு. கைக்கு வரும்போது நீங்கள் எந்தக் கரையில் இருந்தாலும் இதேதான். அதனால் நாட்கணக்கை அன்றன்றே குறித்து வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து வரித்துறைக் கடிதம் வரும்போது பழைய காலண்டரைத் தேடி உட்கார முடியாது.

பெரிய பதவிக்காரர்கள் கோட்டைவிடுவது, சம்பளத்தில் ஒரு பகுதியைப் பின்னாளில் வாங்கிக்கொள்ளும் ஒத்திவைத்த சம்பளத் திட்டத்தில். ஆயுள் முழுக்கவோ குறைந்தது 10 வருஷமோ ஏறக்குறைய சமமான தவணைகளாக வந்தால்தான் பொதுவாக 1996 சட்டம் காப்பாற்றும். “ஐந்தே வருஷத்தில் வாங்கிவிடலாம்” என்று டிக் அடித்துவிட்டால் பழைய மாநிலம் வந்து நிற்கும். பிறகு மாற்றுவதும் லேசல்ல. முதல் தவணைக்கு 12 மாதம் முன்பே எழுதித் தர வேண்டும், பணமும் குறைந்தது 5 வருஷம் தள்ளிப்போகும்.

சாலமன்:
வடகரை அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடு மாறியும் ஓய்வூதியத்தில் ஓரிகன் பிடித்தம் நிற்காமல் ஓடும். முகவரி மாற்றம் கொடுத்தால் மட்டும் போதாது, மாநிலப் பிடித்தத்தைத் தனியாக நிறுத்தச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே பிடித்திருந்தால், மாறிய வருஷத்துக்கு ஓஆர்-40-பி, அதற்கடுத்த வருஷங்களுக்கு ஓஆர்-40-என் வரிப் படிவம் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பெர்ஸ் என்ற ஓரிகன் அரசு ஓய்வூதியம் வாங்கும் பழைய அரசு ஊழியர்கள் சிலருக்கு வரி ஈடாக ஒரு தொகை கூடுதலாக வருகிறது. ஓரிகனை விட்டுப் போனால் அது நின்றுவிடும், அதையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

போர்ட்லண்ட் வீட்டை விற்காமல் வைத்துக்கொண்டு வருஷத்தில் 200 நாளுக்கு மேல் ஓரிகனில் இருந்தால் குடியிருப்பவராகவே எடுத்துக்கொள்வார்கள். 183 என்று எல்லோரும் சொல்லும் எண் இங்கே பொருந்தாது. அந்த வீடு வேறு தலைவலியும் தரும். இறந்தவர் விட்டுப்போகும் சொத்துக்கான ஓரிகன் எஸ்டேட் வரிக்கு வாசல் 10 லட்சம் டாலர்தான்; மொத்தச் சொத்து அதைத் தாண்டினால், வாஷிங்டனில் இருந்தபடி இறந்தாலும் ஓரிகனில் இருக்கும் வீட்டின் பங்குக்கு வாரிசுகள் கட்ட வேண்டும்.

இன்னொன்று, விற்பனை வரி இல்லையே என்று ஓரிகனில் கார் வாங்கி வாஷிங்டனில் பதிவு செய்யப் போனால், கவுண்டரிலேயே விற்பனை வரிக்குப் பதிலான பயன்பாட்டு வரி கேட்பார்கள். ஓரிகனில் கட்டியது பூஜ்யம், கழிக்க ஒன்றுமில்லை.

டெலவேர் பக்கம்:
இது நியூ ஜெர்சியிலிருந்து டெலவேர் ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியா போகிறவர்களுக்கு. குடியிருக்கும் மாநிலத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று இரண்டு மாநிலத்துக்கும் உள்ள பரஸ்பர ஒப்பந்தம் சம்பளத்துக்கு மட்டும். வாடகைக்கோ தொழில் வருமானத்துக்கோ அது உதவாது.

நியூ ஜெர்சியில் 62 வயதுக்கு மேல் ஓய்வூதிய விலக்கு உண்டு, தம்பதிக்கு 1,00,000 டாலர்வரை. ஆனால் மொத்த வருமானம் 1,50,000-ஐ ஒரு டாலர் தாண்டினாலும் விலக்கு முழுவதும் போச்சு. டிசம்பரில் ராத் மாற்றம் (ஐஆர்ஏ பணத்தை வரி கட்டி ராத் கணக்குக்கு மாற்றுவது) செய்து இந்தக் கோட்டைத் தாண்டுகிறவர்கள் ஏராளம். பென்சில்வேனியாவில் 59½ கடந்து ஓய்வு பெற்றவரின் 401(கே), ஐஆர்ஏ எடுப்புக்கு மாநில வரி கிடையாது. எனவே ராத் மாற்றத்தைக் குடிமாறிய பிறகு செய்வதே என் கட்சி.

வீடு விற்பதில் வரிசை முக்கியம். நியூ ஜெர்சியில் குடியிருப்பவராகவே அங்குள்ள வீட்டை விற்றால் ஜிஐடி/ரெப்-3 படிவத்தோடு முடியும். வெளியேறிய பின் விற்றால் ரெப்-1 படிவம் கொடுத்து, லாபத்தில் 10.75% முன்பணமாகக் கட்ட வேண்டும், அதுவும் விலையில் 2 சதவீதத்துக்குக் குறையாமல். இதைத்தான் “எக்சிட் டாக்ஸ்” (வெளியேறும் வரி) என்று பயமுறுத்துகிறார்கள். தனி வரியெல்லாம் இல்லை, ரிட்டர்னில் கணக்குப் பார்த்து மீதி திரும்பும். ஆனால் அதுவரை பணம் முடங்கும்.

ஒரு எச்சரிக்கை: பென்சில்வேனியா பிள்ளைகளிடம் 4.5% வாரிசு வரி வாங்குகிறது. 59½ தாண்டியவர் விட்டுப்போகும் ஐஆர்ஏவும் அதில் சேரும். நியூ ஜெர்சியில் பிள்ளைகளுக்கு அது இல்லை.

வடகரை:
மூத்தோருக்கான மெடிகேர் காப்பீட்டைத் தனியார் நிறுவனம் வழியாகத் தரும் மெடிகேர் அட்வாண்டேஜ் திட்டம் வைத்திருப்பவர்கள் கவுண்டி (மாவட்டம்) மாறினால் திட்டமும் மாறலாம், பழைய டாக்டர் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிடுவார். குடிமாறும் முன்பே திட்டத்துக்குச் சொன்னால், மாறும் மாதத்துக்கு முந்தைய மாதத்திலிருந்து, மாறிய பின் இரண்டு முழு மாதம்வரை வேறு திட்டம் எடுக்க அவகாசம் கிடைக்கும்.