88 கிலோ, முதல் 10 கி.மீ. ஓட்டம்: கால் வலிக்குது, எடையும் இறங்கல

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்):
வயசு 34, உயரம் 168 செ.மீ., எடை 88 கிலோ. சர்க்கரை, பிரஷர் கிடையாது. நாலு மாசத்துல 10 கி.மீ. ஓட்டத்துல ஓடணும். கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணை ரோட்டுல தினமும் காலையில 3 கி.மீ. ஓடுறேன். ரெண்டு நிமிஷத்துலயே மூச்சு முட்டுது. இப்போ முழங்காலுக்குக் கீழே எலும்போட உள்பக்க ஓரமா வலி. சோத்தைக் குறைச்சுட்டு ரெண்டு வேளை ராகிக் களிக்கு மாறியும் எடை அப்படியேதான் இருக்கு. ஷூ மாத்தணுமா?

களத்துமேடு:
ஷூவை அப்புறம் பாக்கலாம். தினமும் ஓடுறதுதான் முதல் தப்பு. மூச்சும் தசையும் சில வாரத்துல பழகிடும், எலும்பு பழக மாசக்கணக்கா ஆகும். இடையில ஓய்வு இல்லாட்டி வலி அங்கதான் வரும்.

இன்னைக்கே அந்த எலும்பு ஓரத்தை விரலால அழுத்திப் பாருங்க. நாலஞ்சு விரல் நீளத்துக்குப் பரவலா வலிச்சா அது அதிகச் சுமையால வந்தது, சரியாயிடும். ஒரே புள்ளியில சுரீர்னு வலிச்சாலோ, ஒத்தக்காலில் குதிச்சா தாங்க முடியலைன்னாலோ, ராத்திரி படுத்தாலும் வலிச்சாலோ ஓட்டத்தை நிறுத்திட்டு எலும்பு டாக்டரைப் பாருங்க. எலும்புல மயிரிழை விரிசல் இருக்கலாம். ஆரம்பத்துல எக்ஸ்ரேயில தெரியாமப் போறதும் உண்டு, அதனால வலியை எப்படி எப்பன்னு தெளிவா சொல்லணும்.

பரவலான வலின்னா ரெண்டு வாரம் நடை மட்டும், அதுவும் வலிக்காத அளவுக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் படிக்கட்டு ஓரத்துல முன்பாதம் ஊன்றி குதிகாலைத் தூக்கி இறக்குங்க. முட்டியை நேரா வச்சு 15, கொஞ்சம் மடக்கி 15, ரெண்டு சுற்று. மடக்கிச் செய்யறதை எல்லாரும் விட்டுடறாங்க, ஓடும்போது அதிகம் சுமக்கிறது கெண்டைக்காலோட அந்த உள்தசைதான்.

அப்புறம் வாரம் மூணே நாள். 5 நிமிஷம் வேக நடை, பிறகு 1 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை, எட்டு தடவை. ரெண்டு வாரம் வலி இல்லாமப் போனா 2 ஓட்டம், 2 நடை. அடுத்து 3-க்கு 1. மூச்சு முட்டுறது வேகத்தால. பக்கத்துல வர்றவர்கிட்ட ஒரு முழு வாக்கியம் பேச முடியணும். கிலோமீட்டருக்கு 9 நிமிஷம் ஆனாலும் பரவாயில்லை.

கொள்ளுரசம்:
எடை விஷயத்துக்கு வர்றேன். ராகி நல்ல தானியம், சந்தேகமே இல்லை. ஆனா 100 கிராம் ராகி மாவுல சுமார் 320 கலோரி, அதே அளவு அரிசியில 350 பக்கம். மாத்தினதால மிச்சம் ரொம்பக் கொஞ்சம். நம்ம ஊர் உருண்டை ஒண்ணுல, நொய்யும் சேர்த்தா 120 கிராம் போயிடும். ரெண்டு உருண்டைன்னா 800 கலோரியை நெருங்கும். தொட்டுக்க 50 கிராம் நிலக்கடலை அரைச்ச சட்னின்னா அது தனியா 280.

ஓட்டத்துல கிலோமீட்டருக்கு, கிலோ எடைக்கு சுமார் 1 கலோரி செலவு. உங்க 3 கி.மீ.க்கு 264. அந்தச் சட்னியே அதைத் தின்னுடுது!

தராசுல மாவை எடை போட்டு, வேளைக்கு 75 கிராமுல ஒரே உருண்டை கிண்டுங்க. கூட கீரைக் கடைசல், கொள்ளு, ரெண்டு முட்டை. கொள்ளுல 100 கிராமுக்கு 22 கிராம் புரதம், முட்டை ஒண்ணுக்கு 6. நாளைக்கு 90 கிராம் புரதம் வரணும். மொத்தத்துல 400-500 கலோரி குறைஞ்சா வாரம் அரைக் கிலோ இறங்கும். அதுக்கு மேல பட்டினி கிடக்காதீங்க, எலும்பு ஆறாது.

தொப்பூரான்:
ரெண்டு பேரும் சொல்லாத ஒண்ணு. தார் ரோட்டு ஓரம் சரிவா இருக்கும். ஒரே பக்கமா ஓடினா ஒரு கால் எப்பவும் பள்ளத்துல மிதிக்கும். விளையாட்டு மைதானத்து மண் தரை உங்களுக்கு நல்லது, சுற்றுற திசையையும் மாத்தி மாத்தி ஓடுங்க. ரோடுதான்னா எதிர்ல வர்ற வண்டியைப் பாத்து ஓடணும்.

ஓட ஆரம்பிச்சா தண்ணி அதிகம் குடிப்பீங்க. நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரி ரெண்டு மாவட்டத்துலயும் பல ஊர் போர்வெல் தண்ணியில ஃப்ளோரைடு கூடுதல், அது எலும்பையும் மூட்டையும் பாதிக்கும். குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே வச்சுக்குங்க. மூட்டு, முதுகு விறைப்பு ரொம்ப நாளா இருந்தா, குடிக்கிற தண்ணி எதுன்னும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ஷூ வாங்கறதா இருந்தா சாயங்காலம் போங்க, அப்போ பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். நுனியில கட்டைவிரல் அகலம் இடம் வேணும்.

மாந்தோப்பு:
அழுத்திப் பாத்தேன், பரவலாத்தான் வலி. நாளையில இருந்து நடை மட்டும். போட்டி அன்னைக்குக் காலையில களி சாப்பிடலாமா?

களத்துமேடு:
வேண்டாம், செரிக்க நேரமாகும், வயித்துல நிக்கும். ரெண்டு மணி நேரம் முன்னாடி ரெண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் போதும். முதல் கிலோமீட்டர்ல கூட்டம் இழுத்துட்டுப் போகும், போயிடாதீங்க. 4 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடைன்னு முதல்ல இருந்தே வைங்க, களைச்ச பிறகு நடக்க ஆரம்பிச்சா மறுபடி ஓட வராது. புது ஷூவைப் போட்டி அன்னைக்கு முதல் தடவையா மாட்டாதீங்க.