நிகழ்நேர வைரஸ் சோதனை: ஐகார் கோப்பு தடையின்றித் திறக்கிறது, பயனர்களின் கோப்புகள் உறைகின்றன

கேள்வி

வணக்கம். பலர் கோப்புகளைப் பதிவேற்றும் லினக்ஸ் சர்வர் ஒன்றைப் பராமரிக்கிறேன், கர்னல் 5.4. அதில் கிளாம்ஏவி என்ற வைரஸ் தடுப்பு மென்பொருளின் நிகழ்நேரச் சோதனையை இயக்க மூன்று நாட்களாகப் போராடுகிறேன். கோப்புகளைச் சோதிக்கும் அதன் பின்னணி நிரலான கிளாம்டி ஓடுகிறது. கோப்பு திறக்கப்படும் கணத்தில் அதைச் சோதனைக்கு அனுப்பும் கிளாம்ஆனாக்கும் ஓடுகிறது. பதிவேற்றக் கோப்புறையைக் கண்காணிப்பில் சேர்த்து, தடுக்கும் அமைப்பையும் ‘யெஸ்’ ஆக்கிவிட்டேன்.

ஐகார் சோதனைக் கோப்பை (தீங்கில்லாதது, ஆனால் வைரஸ் என்றே பிடிபட வேண்டியது) அங்கே வைத்து ‘கேட்’ கட்டளையால் திறந்தேன். 68 எழுத்துகளும் திரையில் வந்து விழுந்தன. பயனர்களோ சாதாரணக் கோப்பைத் திறந்தாலே உறைந்து நிற்கிறது என்கிறார்கள். பதிவுக் கோப்பு முழுக்க ‘பெர்மிஷன் டினைடு’. தடுக்க வேண்டியதை விட்டுவிட்டு, விட வேண்டியதைத் தடுக்கிறது. எங்கே தவறு?

பதில்

எந்தப் பயனராக நுழைந்து சோதித்தீர்கள்? சோதனையிலிருந்து விலக்கும் பட்டியலில் யாரை வைத்திருக்கிறீர்கள்?

கேட்டவர்

ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகப் பயனராகத்தான் சோதித்தேன். யாரையாவது விலக்கினால்தான் தொடங்குவேன் என்று கிளாம்ஆனாக் அடம்பிடித்தது. ரூட்டை விலக்கும் வரியைச் சேர்த்தேன், உடனே தொடங்கிவிட்டது.

பதில்

உங்கள் சிக்கல் அந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறது. ரூட்டை விலக்கிவிட்டு ரூட்டாகவே சோதித்தால், ஐகார் திறக்கத்தான் செய்யும்.

உறைவதற்கும் அதுவே காரணம். ஒருவர் கோப்பைத் திறந்ததும் கோப்பு திறப்பைக் கவனிக்கும் கர்னல் வசதியான ஃபேன்நோட்டிஃபை அவரை நிறுத்திவைக்கிறது. கிளாம்ஆனாக் அனுமதி சொல்லும்வரை அவர் காத்திருக்க வேண்டும். கிளாம்ஆனாக் கிளாம்டியிடம் கேட்கிறது. கிளாம்டி சோதிப்பதற்காக அதே கோப்பைத் திறக்கிறது. அதுவும் ‘கோப்பு திறக்கப்படுகிறது’ என்ற நிகழ்வுதானே? கர்னல் கிளாம்டியையும் நிறுத்திவைக்கிறது. சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதை. அந்த எச்சரிக்கை யாரையாவது விலக்கச் சொல்லவில்லை, குறிப்பாக கிளாம்டி ஓடும் பயனரை விலக்கச் சொல்கிறது. தயவுசெய்து அதை முழுவதும் படியுங்கள்.

ரூட் வரியை நீக்கிவிட்டு, ‘ஆன்ஆக்சஸ் எக்ஸ்க்ளூட் யுநேம்’ அமைப்பில் அந்தப் பயனரின் பெயரை இடுங்கள். டெபியன் வகையில் அது ‘கிளாம்ஏவி’. மற்றவற்றில் வேறாக இருக்கலாம், ‘பிஎஸ்’ கட்டளையில் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

‘பெர்மிஷன் டினைடு’ தனிச் சிக்கல். கிளாம்டி சாதாரணப் பயனராக ஓடுவதால் பிறருடைய மூடிய கோப்புறைகளுக்குள் நுழைய முடியாது. கிளாம்ஆனாக்கை ‘எஃப்டிபாஸ்’ தெரிவுடன் தொடங்குங்கள். ரூட்டாக ஓடும் அது கோப்பைத் தானே திறந்து, அந்தத் திறந்த கோப்பின் கைப்பிடியை மட்டும் கிளாம்டியிடம் கொடுத்துவிடும். இதற்கு உள்ளூர் சாக்கெட் (ஒரே கணினியில் நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) வேண்டும்; டிசிபி என்ற வலையமைப்பு வழியில் நடக்காது. இதைத் தவிர்க்க கிளாம்டியையே ரூட்டாக ஓட்டச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். கண்ட கண்ட கோப்புகளையெல்லாம் பிரித்துப் பார்க்கும் நிரல் அது. அதற்கு ரூட் அதிகாரம் கொடுப்பது ஆபத்து.

மற்றொருவர்

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஒவ்வொரு துணைக் கோப்புறைக்கும் கோப்புறை மாற்றங்களைக் கவனிக்கும் கர்னல் வசதியான ஐநோட்டிஃபையின் ஒரு கண்காணிப்பு செலவாகும். 5.11-க்கு முந்தைய கர்னலில் இயல்பு வரம்பு 8192 மட்டுமே. துணைக் கோப்புறைகள் நிறைய இருந்தால் 524288 ஆக உயர்த்துங்கள். அடுத்தது, நிகழ்நேரச் சோதனை இயல்பாக 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளைத் தொடாது. பெரிய ஜிப் கோப்புகள் வரும் சர்வரில் இது பெரிய ஓட்டை.

இன்னொருவர்

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் இதே வழி உண்டா?

பதில்

இல்லை. ஃபேன்நோட்டிஃபை லினக்ஸுக்கே உரியது. அங்கே குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் ‘கிரான்’ வழியாக, கோப்புகளை கிளாம்டியிடம் சோதனைக்குக் கொடுக்கும் ‘கிளாம்டிஸ்கேன்’ கட்டளையை ஓட்டுங்கள். பதிவேற்றம் முடிந்ததும் அந்தக் கோப்பை மட்டும் சோதிக்கும் சிறு நிரல் எழுதினால் இன்னும் நல்லது.

கேட்டவர்

இரண்டையும் மாற்றி, சாதாரணப் பயனராக நுழைந்து ஐகாரைத் திறந்தேன். ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது. பதிவுக் கோப்பிலும் கோப்பின் பாதையோடு ‘ஃபவுண்ட்’ என்று வந்திருக்கிறது. பயனர்களின் கோப்புகள் உடனே திறக்கின்றன. மிக்க நன்றி. அளவு வரம்பை 25 எம்பியாக உயர்த்தியிருக்கிறேன். ஒரு வாரம் சுமையைப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.