மாரி வெள்ளத்துக்குப் பின் இறுகிப்போன கிறாங்: பொட்டம் பிறக்கெற்றை வீட்டில் வைத்து மாற்றலாமா?

வட்டுக்கோட்டை வாசி:
வணக்கம். 26 அங்குலச் சில்லுடைய பழைய மவுண்டன் பைக் ஒன்றில்தான் நாள்தோறும் யாழ்ப்பாண நகருக்கு வேலைக்குச் சென்று வருகிறேன். விடுமுறை நாள்களில் மணற்காட்டுப் பக்கமும் போவதுண்டு. இம்முறை மாரியில், வீதியில் தேங்கி நின்ற வெள்ளத்துக்குள்ளால், பெடல் மூழ்கும் அளவுக்குப் பல தடவைகள் ஓட்ட வேண்டியிருந்தது. அதன் பின்னர் பெடல்களைத் தாங்கும் தண்டான கிறாங் இறுகிவிட்டது; இடது காலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் “டக்” என்று ஒரு சத்தமும் கேட்கிறது. ஒரு கடையில் பெடல்களுக்குக் கிறீஸ் பூசித் தந்தார்கள், பயனில்லை. இன்னொரு கடையில் கிறாங்கைச் சுத்தியலால் அடித்துத்தான் கழற்ற முடியும் என்றார்கள். மனம் ஒப்பாமல் திருப்பிக் கொண்டு வந்துவிட்டேன். வழி தெரிந்தவர்கள் கூறுங்கள்.

ஓய்வுபெற்ற திருத்துநர், திருநெல்வேலி:
தம்பி, அடிக்க விடாமல் கொண்டு வந்தது நல்லது. எங்கள் பழைய றலி, ஹம்பர் சைக்கிள்களில் கிறாங்கைப் பிடித்து வைத்திருந்தது கொட்டர் பின் என்ற ஆப்பு; நட்டைத் தளர்த்திவிட்டு அதைத் தட்டித்தான் எடுப்போம். அந்தக் கைப்பழக்கம் இன்னும் போகவில்லை. உங்களுடைய வண்டியில் கிறாங் நாற்சதுர அச்சின் மேல் அழுந்தி இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் சுத்தியலால் அடித்தால் அந்த அடி முழுவதும் உள்ளே இருக்கும் போல்ஸ்களில் (பெயரிங் குண்டுகளில்) போய் விழும்.

எதையும் கழற்றுவதற்கு முன்பு, செயினைப் பற்சில்லிலிருந்து இறக்கி உட்பக்கமாக விட்டுவிட்டு, கிறாங்கை மட்டும் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இறுக்கம் போய்விட்டால் பிழை செயினிலோ பின்சில்லிலோ இருக்கிறது. போகாவிட்டால் நடு அச்சில்தான். அடுத்து, கிறாங்கைப் பிடித்துச் சட்டத்தின் பக்கமாக உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். இரண்டு கிறாங்குகளும் சேர்ந்து ஆடினால் பொட்டம் பிறக்கெற், அதாவது நடு அச்சும் அதைத் தாங்கும் பெயரிங்கும் அடங்கிய தொகுதி, தேய்ந்துவிட்டது. ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிறாங்கின் போல்ற் தளர்ந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் அலுமினியத்தில் உள்ள சதுரத் துளை உருண்டு, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நில்லாது.

வட்டுக்கோட்டை வாசி:
நன்றி ஐயா. செயினை இறக்கிய பின்பும், மணலை அரைப்பதுபோல உள்ளே நறநறவென்று உணர முடிகிறது. இரண்டு கிறாங்குகளும் சேர்ந்தே ஆடுகின்றன. 14 மில்லிமீற்றர் பொக்ஸ் சாவியால் போல்ற்றுகளைக் கழற்றிவிட்டேன். நண்பர் ஒருவரிடம் கிறாங்கை இழுத்துக் கழற்றும் கிறாங் புல்லர் இருக்கிறது. வலப்பக்கம் எளிதாகக் கழன்றுவிட்டது. இடப்பக்கம் புல்லரைத் திருகினால் இரண்டு சுற்றுக்கு மேல் புரி ஏறவில்லை. பலவந்தமாகத் திருகலாமா?

கொக்குவில் சைக்கிளோட்டி:
வேண்டாம், தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள். முதலில் ஒரு ரோர்ச் வெளிச்சத்தில் துளைக்குள் பாருங்கள். போல்ற்றோடு வராமல் ஒரு வாசர் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். அதை எடுத்த பின்னர், புரியில் படிந்திருக்கும் சேற்றை மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுங்கள். புல்லரின் வெளிப்புரி முழு ஆழத்துக்கும் இறங்கிய பின்புதான் புல்லரின் நடுத்திருகாணியைத் திருக வேண்டும். இரண்டு சுற்றுப் புரியில் முழு இழுவையையும் கொடுத்த காரணத்தால் நான் ஒரு கிறாங்கை இழந்திருக்கிறேன். மென்மையான அலுமினியப் புரி அப்படியே உரிந்து வந்துவிட்டது.

கிறாங் வந்த பின்பு இன்னொரு பொறி காத்திருக்கிறது. பெடல்களில் இடது பக்கந்தான் எதிர்ப்புரி. பொட்டம் பிறக்கெற்றிலோ வலது பக்கம், அதாவது பற்சில்லுப் பக்கம், எதிர்ப்புரி. வலப்பக்கத்தில் நின்று பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால்தான் அது தளரும். இடப்பக்கக் கிண்ணம் (தொகுதியைச் சட்டத்தில் பிடித்து வைக்கும் புரியுள்ள வளையம்) வழமைபோல எதிர்த்திசையில் கழலும். பல்லுள்ள சாவி வழுக்கிப் பற்களைச் சிதைக்காதிருக்க, ஒரு பெரிய வாசரை வைத்துக் கிறாங் போல்ற்றாலேயே அதை அச்சோடு பிடித்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்து அசையவில்லை என்றால், வண்டியைச் சரித்துப் படுக்க வைத்து, புரியோரமாகத் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள்.

வட்டுக்கோட்டை வாசி:
வாசர்தான்! இடது துளைக்குள் கறுத்த சேற்றோடு சேர்ந்து கிடந்தது. ஊற விட்டதில் வலப்பக்கக் கிண்ணமும் மறுநாள் காலை அசைந்தது. தொகுதி வெளியே வந்தவுடன், சட்டத்துக்குள்ளிருந்து அரைக் கோப்பை அளவு துருநீர் வழிந்து நிலத்தில் ஊற்றியது. மழை விட்டு எத்தனையோ நாள்களாகிவிட்டன. இவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது?

ஓய்வுபெற்ற திருத்துநர், திருநெல்வேலி:
அந்த நீர்தான் உங்களுடைய பெயரிங்கைத் தின்றது. அதைக் கவனிக்காமல் புதியதைப் பூட்டினால் அடுத்த மாரியில் இதே கதைதான். இருக்கைத் தண்டு இறங்கும் குழாயின் பின்புறப் பிளவால் மழைநீர் உள்ளே போய், அடியில் உள்ள பொட்டம் பிறக்கெற் கூட்டில் தங்கிவிடுகிறது. கூட்டின் அடிப்பக்கத்தில் சிறிய துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேற்றால் அடைபட்டிருக்கும். பிளவைப் பழைய ரியூப் துண்டொன்றால் சுற்றி மூடுங்கள்.

புதியதை வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். கூட்டின் அகலம் 68 அல்லது 73 மில்லிமீற்றர். அச்சின் நீளம் அதற்கு வேறாக 113, 118, 122.5 என்று இருக்கும். நீளம் பிழைத்தால் பற்சில்லு சட்டத்தில் உரசும், அல்லது செயின் கோணலாக ஓடும். கிண்ணப் புரிகளுக்குத் தாராளமாகக் கிறீஸ் பூசுங்கள். நாற்சதுர அச்சுக்குப் பூசக் கூடாது, துடைத்துக் காய்ந்த நிலையில் ஏற்றுங்கள்.

கொக்குவில் சைக்கிளோட்டி:
கடைசி விடயத்தில் மட்டும் ஐயாவோடு சிறிது வேறுபடுகிறேன். எங்கள் உப்புக்காற்றில் காய்ந்த அச்சும் கிறாங்கும் ஒட்டிப் பிடித்துவிடுகின்றன. மிக மெல்லிய பூச்சாகக் கிறீஸ் தடவுவதே என் வழக்கம். எப்படிச் செய்தாலும் கிறாங் போல்ற்றை ஏறத்தாழ 40 நியூட்டன் மீற்றருக்கு இறுக்க வேண்டும். 30 சென்ரிமீற்றர் நீளமான சாவியின் நுனியில் 13 கிலோ பாரத்தைத் தொங்கவிட்டது போன்ற விசை அது. 50 கிலோமீற்றர் ஓடிய பின்பு மீண்டும் ஒரு முறை பாருங்கள்.

வட்டுக்கோட்டை வாசி:
பழைய தொகுதியின் மேல் 68, 122.5 என்று பொறித்திருந்தது. அதே அளவில் புதியதை வாங்கிப் பூட்டிவிட்டேன். அடித்துளை இருந்தது, முற்றாக அடைபட்டிருந்தது. தென்னை ஈர்க்கால் குத்தித் திறந்தேன். சுத்தமான துணியால் துடைத்து, அச்சுக்குக் கிறீஸ் இல்லாமலே ஏற்றினேன். நேற்று ஊர்காவற்றுறை வரை போய் வந்தேன், சத்தம் இல்லை. இன்று காலை போல்ற்றைச் சோதித்தபோது, இடப்பக்கம் மட்டும் கால் சுற்று இறுக்க வேண்டியிருந்தது.