டிரம்மில் புகை அடுப்பு: உள்பூச்சை எப்படி எடுப்பது?

வணக்கம் நண்பர்களே. பழைய இரும்புக் கடையில் வாங்கிய 200 லிட்டர் டிரம்மில், ஆட்டுத்தொடையையும் கோழியையும் புகையிலேயே மெதுவாக வேகவைக்கும் அடுப்பு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். அடியில் கரிக்கூடை, அதற்கு இரண்டடி மேலே கம்பித் தட்டு, கீழ்ப்பக்கம் முக்கால் இஞ்சில் மூன்று காற்றுத் துளைகள், மூடியில் புகை போக வழி. காற்றைக் கூட்டிக் குறைத்துச் சூட்டை 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் நிறுத்துவதுதான் திட்டம்.

சிக்கல் டிரம்மின் உள்ளேதான். பழுப்பு நிறப் பூச்சு, ஆணியால் கீறினால் கோடு விழுகிறதே தவிர பெயரவில்லை. எபாக்சி (கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் பிசின் பூச்சு) மாதிரி தெரிகிறது. சமையல் எண்ணெய் இருந்த டிரம் என்று கடைக்காரர் சொன்னார், வெளியே இருந்த எழுத்து அழிந்துவிட்டது. விறகு போட்டு நன்றாக எரித்தாலே பூச்சு முழுக்கப் போய்விடுமா, இல்லை சாண்ட் பிளாஸ்டிங்குக்கு (மணலை வேகமாக அடித்துப் பூச்சைச் சுரண்டி எடுப்பது) கொடுப்பதுதான் சரியா? பிள்ளைகள் சாப்பிடப்போவது, அதனால் செலவானாலும் பரவாயில்லை.

அப்புறம் கம்பித் தட்டு. பட்டறையில் ஜி.ஐ. வலையை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு வலையைக் காட்டினார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். அதிகச் சூட்டில் துத்தநாகப் புகை வரும், புளிப்பான மசாலா பட்டாலும் துத்தநாகம் கரையும். எவர்சில்வர் கம்பியில் செய்தவர்கள், எத்தனை மில்லிமீட்டர் கனம் வளையாமல் நிற்கிறது என்று சொல்லுங்கள்.

புகைக்குக் காய்ந்த கொய்யாக்கட்டை வைத்திருக்கிறேன். புளியங்கட்டை போட்டுப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? கறியில் கசப்பு ஏறுகிறதா?