எக்ஸ்ரே அறையில் கேட்ட ‘விர்ர்’ ஓசை எதனுடையது?

காப்பித்தோட்டம் (ஏற்காடு):
அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் தோட்டச் சரிவில் வழுக்கி விழுந்த என் அம்மாவுக்குக் கணுக்கால் வீங்கிவிட்டதால், மலையிறங்கிச் சேலத்தில் எக்ஸ்ரே எடுத்தோம். கொலுசைக் கழற்றச் சொன்னார்கள். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய நாள் முதல் கழற்றாத கொலுசு என்பதால், திருகாணி இளகவே கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு காலின் மீது குறுக்குக்கோடு போட்ட வெளிச்சம் ஒன்று விழுந்தது. தடுப்புக்குப் பின்னால் நின்றவர் பொத்தானை அழுத்தியதும், மின்விசிறி வேகமெடுப்பது போல ‘விர்ர்’ என்று ஓசை எழுந்து ஒரு ‘பீப்’புடன் முடிந்தது. அந்த வெளிச்சம்தான் எக்ஸ்ரேயா? அந்த ஓசை கதிர் பாயும் ஓசையா? அம்மாவைத் தூக்கிவிட நான் உடனே உள்ளே ஓடினேன். அறையில் கதிர் தங்கியிருந்திருக்குமா?

இருட்டறை (அஸ்தம்பட்டி):
பல ஆண்டுகளாக அந்தப் பொத்தானை அழுத்திவருபவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த வெளிச்சம் சாதாரண பல்பின் ஒளிதான். கதிர் எங்கே விழப்போகிறது என்று எங்களுக்குக் காட்டுவதற்காகக் கண்ணாடி வைத்து அதே பாதையில் திருப்பி விடுகிறார்கள். எக்ஸ் கதிருக்கு நிறமும் இல்லை, ஓசையும் இல்லை.

நீங்கள் கேட்டது, எக்ஸ் கதிரை உண்டாக்கும் குழாய்க்குள் நேர்மின்வாய்த் தட்டு சுழலும் ஓசை. பொத்தானைப் பாதி அழுத்தினால் தட்டு நிமிடத்துக்குச் சுமார் 3,000 சுற்று வேகத்தைப் பிடிக்கும், எதிரே உள்ள டங்ஸ்டன் இழையும் நன்றாகச் சூடேறும். முழுதும் அழுத்தினால்தான் கதிர், அதுவும் கண் இமைக்கும் நேரத்துக்கு மட்டுமே. காற்று நீக்கிய அக்குழாயில், சூடான இழையிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களைப் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் இழுத்துச் சென்று தட்டின் மீது மோத வைக்கிறது. அந்த ஆற்றலில் ஏறத்தாழ 99 விழுக்காடு வெறும் வெப்பமாகவே போய்விடுகிறது. கதிராக மாறுவது மிஞ்சிய ஒன்றுதான். தட்டில் உள்ளதும் டங்ஸ்டன்தான்; அது 3,422 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்றாலும், ஒரே புள்ளியில் அடி விழுந்தால் அதுவும் தாங்காது என்பதால்தான் தட்டைச் சுழற்றுகிறோம்.

மின்னழுத்தம் நின்றதும் கதிர் பிறப்பதும் நின்றுவிடும். விளக்கை அணைத்த அறையில் வெளிச்சம் தங்காதது போலவே, கதிரும் தங்காது. நீங்கள் ஓடியதில் தவறில்லை.

பழைய இயற்பியல் ஆசிரியர்:
கொலுசைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! தடுக்கும் பொருளின் அணு எண் கூடக்கூட, கதிரை விழுங்கும் திறன் ஏறத்தாழ அதன் மும்மடிப் பெருக்கத்தில் (அந்த எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கிய அளவில்) கூடுகிறது. தசையில் பெரும்பாலும் ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் என்று சிறிய எண் கொண்டவைதான். எலும்பில் உள்ள கால்சியத்தின் எண் 20, வெள்ளியின் எண் 47. ஆகவே கொலுசு பளீரென வெள்ளையாக விழுந்து, அதன் பின்னால் இருக்கும் விரிசலை மறைத்துவிடும்.

இயற்பியலாளர் ராண்ட்கன் 1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் இக்கதிரைக் கண்டபோது, காந்தத்தால் அதை வளைக்க முடியவில்லை. மின்சுமை அற்றது என்பதே காரணம். சூடான இழை கொண்ட குழாயைக் கூலிட்ஜ் 1913இல் உருவாக்கினார். அதற்கு முன் குழாயில் மிஞ்சிய சிறிதளவு வாயுவையே நம்பியிருந்ததால், ஒரு நாள் வந்த படம் மறுநாள் வராது. 55 கிலோவோல்ட் வைத்தால், 55 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள கதிர் கிடைக்கும்.

இருட்டறை (அஸ்தம்பட்டி):
ஐயா மன்னிக்க வேண்டும், ஒரு சிறு திருத்தம். 55 என்பது உச்சம் மட்டுமே. அணுக்கருவின் அருகே எலக்ட்ரான்கள் வெவ்வேறு அளவில் வேகம் இழப்பதால், பிறக்கும் கதிர்களில் பெரும்பாலானவை அதற்கும் கீழே பலவகையாக இருக்கும். மிகவும் வலுக்குறைந்தவை தோலோடு நின்று படத்துக்கு உதவாமல் போவதால், அலுமினியத் தகடு வைத்து முன்பே வடிகட்டுகிறோம்.

காப்பித்தோட்டம் (ஏற்காடு):
இருவருக்கும் மிக்க நன்றி. மாவுக்கட்டுக்கு மேலேயே அடுத்த படம் எடுக்கலாமா?

இருட்டறை (அஸ்தம்பட்டி):
எடுக்கலாம். மாவுக்கட்டும் கால்சியம் கலந்ததுதான் என்பதால் கிலோவோல்ட்டைச் சற்றே கூட்டுவார்கள். கொலுசை மட்டும் அதுவரை பூட்ட வேண்டாம்.