புதுப்பிப்பு: அப்பாவின் இம்ப்ளான்ட் பல் ஆடியதற்குக் காரணம் தெரிந்தது

கீழ்க் கடைவாயில் அப்பாவுக்கு வைத்த இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் உலோகத் தண்டைப் பதித்து, அதன்மேல் திருகால் பொருத்தும் செயற்கைப் பல்) ஆடுகிறது, எடுத்துவிட வேண்டுமா என்று 3 மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. "தண்டு ஆடாது, உள் திருகுதான் தளர்ந்திருக்கும், முதலில் எக்ஸ்ரே எடுங்கள்" என்றவர் சொன்னதே சரி. இங்கே யாங்கோனில் எடுத்த படத்தில் டைட்டானியத் தண்டைச் சுற்றி எலும்பு கெட்டியாகவே இருந்தது. டாக்டர் திருகை மாற்றி 35 நியூட்டன் சென்டிமீட்டர் (முறுக்கு விசையின் அளவு) வரை முறுக்கினார், 10 நிமிடம் கழித்து மறுபடியும். முதல் முறுக்கு கொஞ்சம் இளகிவிடுமாம்.

நாங்கள் எதிர்பாராதது ஒன்று: அப்பா தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறார், அதில்தான் திருகு தளர்ந்திருக்கிறது. பக்கத்துப் பற்கள் தட்டையாகத் தேய்ந்திருந்ததை டாக்டர் கண்ணாடியில் காட்டினார். அப்புறம் ராத்திரி பல்லின்மேல் போட ஓர் உறை செய்து கொடுத்தார். இப்போது ஆட்டம் இல்லை. வெற்றிலை பாக்கைத்தான் அப்பா இன்னும் விடவில்லை, அது எனக்குக் கவலை.