மறு: ஆர்க்கிட் பூ தலைகீழாவதற்குக் (resupination) கலைச்சொல்: திருகலா, புரள்வா?

> சூலகம் திருகிக்கொள்வதால்தானே பூ தலைகீழாகிறது? "சூலகத் திருகல்" என்றே வைத்துவிடலாம்.

வணக்கம் ஐயா.

எனக்கு ஒப்பவில்லை. நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் வளரும் சத்தீரியம் நேபாலன்சே என்னும் தரை ஆர்க்கிடைப் பாருங்கள். கோடையில் மண்ணுக்குள் கிழங்காக முடங்கிக் கிடக்கும். மழைக்காலத்தில் புல்லுக்கு நடுவே தளிர்த்து இளஞ்சிவப்புக் கதிர் விடும். (சீகையும் தைலமரமும் நட்டு விழுங்கியது போக மிஞ்சிய புல்வெளியில்தான்.)

பெரும்பாலான ஆர்க்கிட்களின் மொட்டில் உதட்டிதழ் (மற்றவற்றிலிருந்து வேறுபட்ட ஓர் இதழ்) மேற்புறம் இருக்கும். மலர்வதற்குள் சூலகம் அரைச்சுற்று திருகி அதைக் கீழே கொண்டுவரும். பூச்சி வந்து உட்கார அதுவே திண்ணை. சத்தீரியம் திருகுவதில்லை. உதட்டிதழ் மேலேயே நின்று முக்காடாகக் கவிந்துகொள்ளும். அதன் பின்னே இரண்டு தேன்குழல்கள் தொங்கும். திருகும் ஆர்க்கிடான ஹேபனேரியாவின் சூலகத்தில் வரிகள் கயிற்றுப் புரிபோல முறுக்கியிருக்கும். இதிலோ நேராக ஓடும்.

அப்படியானால் "திருகாச் சூலகம்" போதாதா என்பீர்கள். போதாது. ஐரோப்பாவின் சதுப்புகளில் வளரும் ஹமார்பியா பலுடோசா என்னும் ஆர்க்கிட் முழுச்சுற்றுத் திருகி, உதட்டிதழை மறுபடி மேலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது. திருகல் இருமடங்கு, ஆனால் பூ தலைகீழாகவில்லை! செடியை இனங்காண்பவர் முதலில் பார்ப்பது உதட்டிதழ் எந்தப் பக்கம் என்பதைத்தான். மேலும், கதிரைச் சுற்றிப் பூக்கள் படிக்கட்டாய் ஏறும் ஸ்பைராந்தஸ் ஆர்க்கிடுக்குத் "திருகல்" தேவைப்படும். அதை இங்கே செலவழிக்க வேண்டாம்.

resupination என்பதன் இலத்தீன் மூலத்தை ஒட்டி "மல்லாத்தல்" என்றால், வானம் பார்த்த பூ என்று வாசகர் எண்ணிக்கொள்வார். "புரள்வு" என்போம்: புரள்மலர், புரளாமலர். "புரட்டு" மட்டும் வேண்டாம். ஆர்க்கிட்களில் ஏமாற்றுக்காரர்கள் நிறைய உண்டுதான், இருந்தாலும் அந்தப் பழி இங்கே எதற்கு?

---

> புரள்மலர், புரளாமலர்

ஏற்கிறேன். ஹமார்பியாவுக்கு "மறுபுரள்வு" சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் "தேன்குழல்" என்றதும் எனக்குத் தீபாவளிப் பலகாரம்தான் நினைவுக்கு வருகிறது. அதோடு, சொட்டுத் தேன் இல்லாத ஆர்க்கிட்களிலும் இந்த உறுப்பு உண்டே. "இதழ்வால்" சரிப்படுமா?